பிஞ்சு வெம்புகிறதா? மருந்து வாங்குமுன் அறுத்துப் பாருங்கள்

"பூ கொள்ளையாப் பூக்கு மேடம். பிஞ்சு ஒண்ணும் நிக்க மாட்டேங்கு."

ஆடிக் கடைசியில் கீழப்பாவூர் பக்கம் ஒரு பூசணித் தோட்டத்தில் அண்ணாச்சி ஒருவர் இப்படிச் சொன்னார். தோட்டக்கலை அலுவலராக நான் போகிற ஊர்களில் அடிக்கடி கேட்கிற குறை இது. பழ ஈ விழுந்திருக்கிறது என்று கடையில் மருந்து கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறை அடித்துவிட்டார். மூன்று முறையும் காலை ஏழு மணிக்கு.

மஞ்சளாகிச் சுருங்கிக் கிடந்த பிஞ்சுகளில் ஐந்தை எடுத்து பிளேடால் அறுத்தோம். பழ ஈ முட்டையிட்டிருந்தால் தோலில் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அதில் பிசின் கசிந்திருக்கும், உள்ளே வெள்ளைப் புழு நெளியும். ஐந்திலும் அப்படி எதுவும் இல்லை. விதையாக வேண்டிய சூல்கள் பொடிப்பொடியாக, வளராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பிஞ்சுகளுக்கு மகரந்தம் வந்து சேரவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் செம்பருத்தியை நெடுக்காக வெட்டிப் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். வெளியே பச்சையாகப் புல்லிவட்டம், அடுத்து நிறமாக அல்லிவட்டம், உள்ளே மகரந்தத்தாள், நடுவில் சூலகம். நான்கும் ஒரே பூவில். பூசணி, பாகல், பீர்க்கு, புடலை, சுரை எல்லாம் வேறு மாதிரி. ஒரே கொடியில் ஆண்பூ தனி, பெண்பூ தனி. ஆண்பூ மெல்லிய காம்பில் நிற்கும், நடுவில் மஞ்சள் தூள் அப்பிய மகரந்தப்பை. பெண்பூவுக்கு அடியில் கோலிக்குண்டு அளவில் குட்டிப் பூசணி ஒன்று இருக்கும். அதுதான் சூற்பை. நிறைசூலி என்கிறோமே, அந்தச் சூல்தான் இதுவும். பூவுக்குள் எட்டிப் பார்த்தால் மூன்று மடலாகப் பிசுபிசுப்பான சூல்முடி தெரியும்.

கோலிக்குண்டைப் பார்த்ததும் காய் பிடித்துவிட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். இன்னும் பிடிக்கவில்லை. ஆண்பூவின் தூள் சூல்முடியில் ஒட்ட வேண்டும். ஒட்டிய ஒவ்வொரு துகளும் ஒரு குழாய் விட்டு, சூல்தண்டு வழியாக இறங்கி, ஒரு சூலைச் சேர வேண்டும். ஒரு விதைக்கு ஒரு துகள். பூசணிக்குள் எத்தனை விதை என்று வீட்டில் நறுக்குகிறவர்களுக்குத் தெரியும். அத்தனைக்கும் துகள் வேண்டும். துகள் குறைந்தால் காய் கோணலாகும், ஒருபக்கம் சூம்பும். துகளே வராவிட்டால் வெம்பி உதிரும்.

பூசணி மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுள்ளது. காற்று அதைத் தூக்கிப் போகாது. தேனீதான் கொண்டு போக வேண்டும். அதற்குக் கிடைக்கிற நேரமும் கொஞ்சம்தான். பூசணிப் பூ விடியும் முன்னே விரிந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளும். மறுநாள் விரியாது. அந்த ஒரு காலையில் ஏழு மணிக்கு மருந்தடித்தால் தேனீ என்ன செய்யும்? இதைச் சொன்னபோது அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கும் மனசு கஷ்டமாகத்தான் இருந்தது.

சரி, சாயங்காலம் அடித்தால் போதுமா? பூசணிக்கும் பாகலுக்கும் அது சரி. பாகலும் விடியலில் பூப்பதுதான். ஆனால் பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது விரிபவை. புடலை இருட்டிய பிறகு, ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்த வெள்ளைப் பூவாக விரியும்; அதைத் தேடி வருவது விட்டில் பூச்சி. அந்தப் பந்தலில் சாயங்காலம் மருந்தடிப்பதும் பூசணியில் காலையில் அடிப்பதும் ஒன்றுதான். எந்தக் கொடி எப்போது பூக்கிறது என்று ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, தெளிப்பானைத் தோளில் மாட்டுங்கள். இமிடாகுளோப்ரிட் மாதிரி செடிக்குள் ஊடுருவுகிற மருந்து தேனிலும் மகரந்தத்திலும் கலந்துவிடும். பூக்கிற பருவத்தில் எந்த நேரத்திலும் அது வேண்டாம்.

எல்லாப் பயிருக்கும் இந்தக் கவலை இல்லை. களக்காட்டு வாழைக்கு மகரந்தம் சேராமலே காய் வரும். நெல் தன் மகரந்தத்திலேயே மணி பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் சாரல். தென்காசிச் சீமையில் குற்றாலச் சாரல் பிடித்தால் நமக்கு சந்தோஷம், ஆனால் தூறலில் தேனீ வெளியே வராது, நனைந்த மகரந்தமும் கெட்டுப்போகும். அந்த நாட்களில் கையால் சேர்க்கலாம். காலை ஆறரை மணிக்குள் அன்று விரிந்த, நனையாத ஆண்பூவைக் காம்போடு கிள்ளி, இதழைப் பிய்த்துவிட்டு, நடுத்தண்டைப் பெண்பூவின் மூன்று மடலிலும் மெதுவாகத் தடவ வேண்டும். ஓர் ஆண்பூவை வைத்து மூன்று நான்கு பெண்பூவுக்குத் தடவலாம். மறுநாளே அண்ணாச்சி வீட்டு மதினி இதைக் கற்றுக்கொண்டார். தடவிய பூவின் காம்பில் சிவப்பு நூல் கட்டி வைத்தார்.

பத்து நாள் கழித்துப் போனேன். நூல் கட்டிய காய்களில் பெரும்பாலானவை தேங்காய் அளவுக்கு வந்திருந்தன. மதினி பக்கத்துப் புடலைப் பந்தலைக் காட்டி, "இதுக்கு ராத்திரியில டார்ச்சோட வரணுமா மேடம்?" என்று கேட்டார். வரணும் என்றேன்.