‘கோரலைன்’ படத்தைச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

ஹென்றி செலிக் இயக்கி 2009-இல் வந்த ‘கோரலைன்’, ஏறக்குறைய ஒரு சாண் உயரப் பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படம்பிடித்த அனிமேஷன். அமெரிக்காவில் அதற்குக் கிடைத்த தரச்சான்று ‘பிஜி’. பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்பதுதான் அதன் பொருள். எத்தனை வயது என்று அது சொல்வதில்லை. பொம்மைப் படம்தானே என்று நாலு வயதுப் பிள்ளையையும் முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஏழு வயது முடியும்வரை இந்தப் படம் வேண்டாம். எட்டு, ஒன்பதில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம்.

காரணம், சின்னப் பிள்ளைகளின் பயம் வேலை செய்யும் விதம். 1969-இல் ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியலாளர் சாதுவான ஒரு பூனையைப் பிள்ளைகளிடம் தடவக் கொடுத்தார். பிறகு அதன் தலையில் நாய் முகமூடியை மாட்டிக் காட்டினார். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர், பூனை நாயாகவே மாறிவிட்டது என்று நம்பினார்கள். ஆறு வயதுக்காரர்கள் பெரும்பாலும் ஏமாறவில்லை. அந்தச் சின்ன வயதில் தோற்றம்தான் உண்மை. நல்லவனான ஹல்க் பச்சை உருவம் எடுத்துப் பிறரைக் காப்பாற்றும் தொலைக்காட்சிக் காட்சியை வைத்து 1980-களில் நடந்த ஆய்விலும் இதுவே தெரிந்தது. மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்கள் அதிகம் பயந்தது, அவன் உருமாறிய பிறகுதான்.

‘கோரலைன்’ கை வைப்பது சரியாக இந்த இடத்தில். கோரலைன் என்ற சிறுமி தன் வீட்டில் ஒரு சிறிய கதவைத் திறந்து போகிறாள். அதற்கு அப்பால் இருக்கும் ‘மற்ற அம்மா’ அச்சு அசல் அவள் அம்மா மாதிரியே இருக்கிறாள், வாய்க்கு ருசியாகச் சமைத்துப் போடுகிறாள். ஆனால் கண்ணிருக்கும் இடத்தில் கறுப்புப் பொத்தான். புதிதாக ஒன்றைப் பார்த்தால், பயப்பட வேண்டுமா என்று கைக்குழந்தைகூடத் தாயின் முகத்தைத்தான் திரும்பிப் பார்க்கும். அந்த முகத்திலிருந்து கண்ணையே எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் பிடிமானம் எங்கே? பிறகு அவள் மூன்று எண்ணி முடிப்பதற்குள் கண்ணெதிரே நீண்டு, ஒடுங்கி, வேறொன்றாகிறாள். கடைசியில் சிலந்தி உடலும் ஊசிக் கைகளும்தான் மிச்சம்.

“இது நிஜமில்லைடா, பொம்மை” என்று சொல்வது இந்த வயதில் அநேகமாகப் பலிக்காது. 1984-இல் சூனியக்காரி வரும் ஒரு சினிமாக் காட்சியை வைத்துச் சோதித்தபோது, ‘இது நிஜமில்லை’ என்ற நினைப்பு ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் உதவியது. மூன்று முதல் ஐந்து வயதுக்காரர்களிடம் எடுபடவில்லை. அவர்களுக்குப் பேச்சைவிட மடியும் அணைப்பும் மேல்.

காட்டுவதாக முடிவு செய்தால் முதலில் நீங்கள் மட்டும் முழுதும் பாருங்கள். நூறு நிமிடப் படம். இரவில் வேண்டாம், பகலில், விளக்கை அணைக்காமல், ஒலியைக் குறைத்துப் போடுங்கள். பிள்ளை கண்ணைப் பொத்திக்கொண்டாலும் காது திறந்துதான் இருக்கும். தொடக்கத்திலேயே ஊசிக் கைகள் ஒரு பொம்மையைப் பிரித்துத் தைக்கின்றன. அங்கே பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். அடுத்து, கோரலைன் கண்ணில் தைப்பதற்காகச் சாப்பாட்டு மேசையில் பொத்தானும் ஊசி நூலும் வைக்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்தி, தொடரலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். “இதுக்குப் போய் பயப்படுறியா?” என்று மட்டும் கேட்காதீர்கள், பயம் போகாது, உங்களிடம் சொல்வதுதான் நிற்கும். ஆனால் பிள்ளை ஒத்துக்கொண்டு பாதிக்கு மேல் பார்த்துவிட்டால் முடிவுவரை கூட இருங்கள். கோரலைனின் அப்பா அம்மா பத்திரமாகத் திரும்புவது கடைசியில்தான் வருகிறது.

பிறகு தனியே தூங்க மாட்டேன், பாத்ரூமுக்குத் துணைக்கு வா என்று சில நாள் அடம்பிடிக்கலாம். துணைக்குப் போங்கள். பகலில் சட்டைப் பொத்தான்கள் நாலைந்தை எடுத்துக் கையில் கொடுங்கள், உருட்டட்டும், அடுக்கட்டும். மறுநாள் ஒரு துணியில் நீங்கள் தைத்துக் காட்டலாம், அடுத்த நாள் துணிப் பொம்மைக்குக் கண்ணாக வைக்கலாம். பிள்ளை எந்தப் படியில் பின்வாங்குகிறதோ அந்தப் படியிலேயே நில்லுங்கள். சில வாரமாகியும் தூக்கமோ சாப்பாடோ சீராகவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.