வங்கி நேர்காணல்: பேனலில் உட்கார்ந்தவன் பார்த்தது

நேர்காணல் அறைக்குள் வராமலேயே ஊர் திரும்பிய ஒரு பையனை இன்னும் மறக்க முடியவில்லை. புரொபேஷனரி ஆபீசர் வேலை. பிரிலிம்ஸ், மெயின்ஸ் என்ற இரண்டு எழுத்துத் தேர்வையும் தாண்டி வந்தவன். சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில், பள்ளிக்கூட நாளில் வாங்கி லேமினேட் செய்து வைத்திருந்த சாதிச் சான்றிதழை எடுத்து நீட்டினான். பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்று அதில் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டது அது இல்லை. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், கிரீமி லேயரில், அதாவது இட ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவில் வரவில்லை என்ற வரி அதில் இருக்க வேண்டும், நேர்காணல் நாளில் அது செல்லுபடியாகவும் வேண்டும். "நாளைக்கு வாங்கிட்டு வந்துடறேன் சார்" என்றான். தாசில்தார் ஆபீஸ் ஒரு நாளில் கொடுக்கிற காகிதமா அது?

பி.சி., எம்.பி.சி. என்பதெல்லாம் தமிழ்நாடு அரசின் பிரிவுகள். மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் வேறு. உங்கள் சாதி அதில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பிறகு மெயின்ஸ் எழுதி முடித்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய் விண்ணப்பித்து விடுங்கள். ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று அது நகர்ந்து வருவதற்குள் கால் லெட்டர் வந்துவிடும்.

இனிஷியலும் நம் ஊருக்கே உரிய தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயரே முதல் பெயராகிவிட்டிருக்கும். மேசையில் இருப்பவர் வட இந்தியராக இருந்தால் மூன்றும் ஒரே ஆள்தான் என்று புரிய வைப்பதற்குள் உங்களுக்கு வியர்த்துவிடும். விண்ணப்பத்திலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி பெயர் கொடுங்கள், மற்றவற்றை நேரம் இருக்கும்போதே திருத்துங்கள். கல்லூரியில் சி.ஜி.பி.ஏ. மட்டும் கொடுத்திருந்தால், அதைச் சதவீதமாக மாற்றும் கணக்குக்குப் பல்கலைக்கழகத்தின் அத்தாட்சியும் கையில் இருக்க வேண்டும்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். கேஷ் கவுன்ட்டரில் தொடங்கி கடைசியில் சீஃப் மேனேஜராக ஓய்வு பெற்றேன். இடையில் சில வருடங்கள் நேர்காணல் பேனல்களில் உட்கார வைத்தார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அங்கே பார்த்ததுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் தேர்வு செய்யும் ஐ.பி.பி.எஸ். அமைப்பு நடத்தும் கிளார்க் தேர்வில் நேர்காணல் கிடையாது. அங்கே மாநில மொழி தெரியுமா என்று மட்டும் சோதிப்பார்கள். நேர்காணல் இருப்பது பி.ஓ. எனப்படும் ஆபீசர் வேலைக்குத்தான். அதற்கு 100 மார்க், தேர்ச்சிக்கு 40, எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கு 35. இறுதிப் பட்டியலில் மெயின்ஸுக்கு 80 பங்கு, நேர்காணலுக்கு 20 பங்கு. அதாவது நேர்காணலில் நீங்கள் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு ஐந்து மார்க்கும் பட்டியலில் ஒரு மார்க். புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணில் வேலை கைநழுவிப் போகிற இடத்தில் ஒரு மார்க் பெரிசு. ஸ்டேட் வங்கியில் இதோடு குழுச் செயல்பாடு, உளவியல் சோதனை என்று வேறு இருக்கிறது.

உள்ளே நாலைந்து பேர் இருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். நாங்கள் காலையிலிருந்து உட்கார்ந்திருப்போம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கும் கண் சொருகும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் ஒரே பயிற்சி மையத்தில் படித்த ஆறு பேர் ஒரே வரிசையில், ஒரே மூச்சில் ஒப்பித்தால் யாரை யாரென்று நினைவு வைத்துக்கொள்வது? "என் பலம் கடின உழைப்பு, என் பலவீனம் எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்ய நினைப்பது." இந்தப் பலவீனத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

பயிற்சி மையங்களைக் குறை சொல்லவில்லை. எழுத்துத் தேர்வுக்கு அவை தேவை. நேர்காணலுக்கு நான் அனுப்புகிற இடம் வேறு. உங்கள் ஊர் வங்கிக் கிளைக்குப் போங்கள், நாலு நாள் காலையில் ஒரு மணி நேரம் அந்த பெஞ்சில் உட்காருங்கள். பாஸ்புக் என்ட்ரி மெஷின் முன்னால் யார் நிற்கிறார்கள், நகைக்கடன் கவுன்ட்டரில் எந்த மாதம் கூட்டம் கூடுகிறது, கே.ஒய்.சி. எனும் அடையாள, முகவரி விவரத்தைப் புதுப்பிக்கவில்லை என்று யாரைத் திருப்பி அனுப்புகிறார்கள், அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட அம்மா என்ன சொல்லிச் சண்டை போடுகிறார் என்று பாருங்கள். முடிந்தால் மேனேஜரிடம், "சார், இன்டர்வியூ இருக்கு, அஞ்சு நிமிஷம் பேசலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகப் பேசுவார். அவரும் இந்த வழியாக வந்தவர்தானே.

தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் ஒருவன். எந்திரவியல் படித்தவன். வங்கி பற்றிய பொதுக் கேள்விகளில் தடுமாறினான். என் பக்கத்தில் இருந்தவர், "உங்கள் ஊரில் உப்பளம் நிறைய. வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் உற்பத்தி கிடையாது. உப்பள உரிமையாளருக்குக் கடன் கொடுத்தால் தவணையை எப்படி வைப்பீர்கள்?" என்றார். பையன் முகம் மாறியது. அவன் மாமா உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவராம். உப்பு வாரும் மாதங்கள், விலை ஏறும்வரை குவித்து வைப்பது, மழைக்கு முன் கீற்று போட்டு மூடுவது, அந்த நாட்களில் தொழிலாளிக்குக் கொடுக்கும் முன்பணம் என்று சொல்லிக்கொண்டே போனான். "அதனால மாசாமாசம் ஒரே தவணை சரிவராது சார், உப்பு விக்கிற மாசத்துல கூடுதலா வாங்கிக்கலாம்" என்று முடித்தான். வருமானம் வருகிற நேரத்துக்குத் தவணையைப் பொருத்துவது கடன் கொடுப்பவனின் அரிச்சுவடி. புத்தகம் படிக்காமலேயே அதை அவன் சொல்லிவிட்டான். அந்த அறையில் இருந்த எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

உங்கள் மாவட்டத்தின் தொழில் என்ன, அதில் பணம் எப்படிச் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள் என்பது இதற்காகத்தான். திருப்பூர்க்காரருக்கு ஏற்றுமதிக்கு முன் கொடுக்கும் கடனான பேக்கிங் கிரெடிட் தெரியாவிட்டால் பேனல் ஏமாந்து போகும். நாமக்கல் என்றால் கோழிப்பண்ணையும் லாரியும். சிவகாசிக்காரரிடம் தீபாவளி முடிந்ததும் பட்டாசுக் கம்பெனிக்குப் பணம் எப்போது திரும்பும் என்று கேட்பார்கள். டெல்டாக்காரரிடம் பயிர்க்கடன் வரும்.

பயிர்க்கடன் என்றதும் வாராக்கடன் ஞாபகம் வருகிறது. தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் வாராக்கடன் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். "குறுவை போட்ட விவசாயிக்கும் 90 நாளா?" என்று கேட்டால் பாதிப் பேர் தலையாட்டுவார்கள். குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பயிர்ப் பருவம், நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவம் நிலுவையில் நின்றால்தான் வாராக்கடன் என்பது கணக்கு. ஏன் அப்படி வைத்தார்கள் என்று சொல்லத் தெரிந்தால் இன்னும் நல்லது.

மற்றபடி அடிப்படைகளை ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ரிசர்வ் வங்கி தொடங்கியது 1935. தேசியமயம் 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள், 1980-இல் மேலும் 6. வங்கி கொடுக்கும் கடனில் விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு 40 சதவீதம், அந்த 40-க்குள் விவசாயத்துக்கு 18. டெபாசிட் காப்பீடு 2020 முதல் 5 லட்சம். பொதுத்துறை வங்கிகள் இப்போது 12. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதத்தை மட்டும் நேர்காணலுக்குப் போகும் நாள் காலையில் ஒருமுறை சரிபாருங்கள், புத்தகத்தில் இருப்பது பழசாகியிருக்கும். நகைக்கடனும் அப்படித்தான். நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கடன் என்றே பலர் மனப்பாடம் செய்து வருகிறார்கள். ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் அதை மாற்றி, 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றது. நகைக்கடன் இல்லாத கிளையே இல்லாத மாநிலத்திலிருந்து போகிறவர் இதில் சறுக்கக் கூடாது.

எந்த வங்கியை முதல் விருப்பமாகக் கொடுத்தீர்கள் என்றும் கேட்பார்கள். இந்தியன் வங்கி என்றால், 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி திவாலான பிறகு 1907-இல் பிறந்தது என்று தெரிந்திருக்கட்டும். ஐ.ஓ.பி. எனும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்றால் 1937-இல் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று ஊரில் ஒரே நாளில் கடை திறந்த வங்கி. இதற்குத் தனியாக மார்க் கிடையாது. கேட்டவர் அந்த வங்கிக்காரராக இருந்தால் முகம் மலரும், அவ்வளவுதான்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இதை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் ஏன் என்று யாரும் சொல்வதில்லை. வங்கியில் தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்கிறவன் ஆபத்தானவன். கையெழுத்து ஒத்துப்போகிறதா என்ற சந்தேகத்தோடு செக்கைப் பாஸ் செய்கிற ஆபீசரை நாங்கள் பார்த்திருக்கிறோம், பின்னால் விசாரணைக்கும் போயிருக்கிறோம். அதனால் ஒரு ஆள் அறையில் குத்துமதிப்பாக அடித்துவிடும்போது எங்கள் மனசு கேள்வியில் நிற்காது, அவர் கையில் கொடுக்கப்போகும் கேஷ் சாவிக்குப் போய்விடும். "தெரியவில்லை சார், பார்த்துக்கொள்கிறேன்" என்று நேராகச் சொன்னவருக்கு நான் மார்க் குறைத்ததில்லை. பத்துக் கேள்விக்கும் அதையே சொன்னால் வேறு கதை.

ஆங்கிலம். தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் இதில்தான் பாதி உயிரை விடுகிறார்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், போதும். இலக்கணம் கொஞ்சம் நொண்டினாலும் விஷயம் புரிந்தால் விட்டுவிடுவோம். மனப்பாடம் செய்த அழகான வாக்கியம் பாதியில் மறந்துபோய் மேலே பார்த்து முழிப்பதுதான் தாங்க முடியாதது. பதினைந்து நாள், வீட்டில் யாரிடமாவது அன்றைக்கு நடந்ததை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள். தம்பி சிரிப்பான். சிரிக்கட்டும்.

"உத்தரப் பிரதேசத்தில் போட்டால் போவீர்களா?" என்ற கேள்விக்கு "எங்கே போட்டாலும் போவேன் சார்" என்று துள்ளிக்கொண்டு சொல்பவர்களை நாங்கள் நம்புவதில்லை. ஒரு பெண், "வீட்டில் அம்மா கொஞ்சம் பயப்படுவாங்க சார். ஹிந்தி எழுத்துக் கூட்டிப் படிப்பேன், பேச வராது. ஆறு மாசத்துல கத்துக்குவேன்" என்றார். இது பதில். ஆபீசர் வேலையில் இடமாற்றம் என்பது சம்பளத்தோடு வருவது. வீட்டில் இதைப் பேசி முடிக்காமல் நேர்காணலுக்கு வராதீர்கள். சிவில் சர்வீஸ் எழுதுகிறீர்களா என்று கேட்டாலும் மறைக்க வேண்டாம். பொய் சொன்னால் அடுத்த இரண்டு கேள்வியில் வெளியே வந்துவிடும்.

இப்போதெல்லாம் சூழ்நிலைக் கேள்விகளும் வருகின்றன. நான் கடைசியாகக் கேட்டது இது: எழுபது வயதுப் பெரியவர், டெபாசிட்டை உடைத்து உடனே ஒரு கணக்குக்கு அனுப்பணும் என்கிறார், கை நடுங்குகிறது, செல்போன் அழைப்பைத் துண்டிக்கவே இல்லை. என்ன செய்வீர்கள்? "வாடிக்கையாளர் பணம், அவர் உரிமை, அனுப்பிவிடுவேன்" என்றார் ஒருவர். விதிப்படி தவறில்லை. "உள்ளே கூட்டிட்டுப் போய் தண்ணி கொடுத்து, போனை வாங்கி ஆஃப் பண்ணுவேன் சார். போலீஸ்னு சொல்லி போன்லயே மிரட்டற டிஜிட்டல் கைது மோசடியா இருக்கும். சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போட்டுட்டு, அவர் மகனையோ மகளையோ கூப்பிடுவேன்" என்றார் இன்னொருவர். யாருக்கு அதிக மார்க் விழுந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நேர்காணலோடு நேரடியாகச் சம்பந்தப்படாத ஒன்று, ஆனால் வேலையைப் பறிக்கக்கூடியது: சிபில். சேரும் நேரத்தில் உங்கள் கடன் வரலாற்றைப் பார்க்கிறார்கள். கல்விக்கடனைக் கட்டாமல் விட்டது, செல்போன் ஆப்பில் வாங்கிய ஐயாயிரம் ரூபாய்க் கடனை மறந்தது எல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும். இப்போதே ரிப்போர்ட் எடுத்துப் பாருங்கள். பாக்கி இருந்தால் கட்டி, வங்கியிடம் நிலுவை இல்லை என்ற கடிதம் வாங்கி வையுங்கள்.

கடைசியாக, இடைத்தரகர்கள். ரிசல்ட் வந்து கால் லெட்டர் வருவதற்குள் எங்கிருந்தோ ஒருவர் முளைப்பார். "பேனல்ல நம்ம ஆள் இருக்கார், மூணு லட்சம் கொடுத்தா முடிச்சுடலாம், முடியலைன்னா முழுசாத் திருப்பிடுவேன்." நான் உட்கார்ந்த பேனல்களில், அன்றைக்கு யார் யார் வரப்போகிறார்கள் என்பதே எங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. என் சொந்தக்காரர் ஒருவர் என்னைக் கேட்காமல் பையனுக்காக முன்பணம் ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டார். பையன் சொந்த முயற்சியில் தேர்வானான். மறுவாரமே அந்த ஆள் மீதியைக் கேட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். பத்துப் பேரிடம் வாங்கியிருப்பான், தேறாத ஏழு பேருக்கு நாணயமாகத் திருப்பிக் கொடுத்திருப்பான், தேறிய மூன்று பேருடையது அவன் சம்பாத்தியம். சொந்தக்காரர் என்னிடம் வந்து, "அவன் சொன்ன மாதிரியே நடந்துச்சே மச்சான்" என்றார். இன்று வரை அவரை மாற்ற முடியவில்லை.