இரவு பத்தரை மணி ஓடர்: மாணவரின் தனிமைச் செலவுக்குச் செயலி வடிவமைப்போர் கவனிக்க

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் போர்டிங்கில் தங்கிப் படிக்கும் தமிழ் மாணவர் பலர் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, வவுனியா, ஹட்டனிலிருந்து வந்தவர்கள். போயா எனும் பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வந்தால் பக்கத்துக் கம்பஹா, களுத்துறைக்காரர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரவு பஸ்ஸுக்குக் காசும் தெம்பும் இல்லாதவர் அறையிலேயே கிடப்பார். வெள்ளி பின்னேர விரிவுரை முடிந்தால் செவ்வாய் காலை வரை கடையில் "ஒரு பார்சல்" என்று கேட்பதைத் தவிர வாய் திறக்கத் தேவையே வராது. இரவு பத்தரைக்குக் கொத்து ரொட்டி ஓடர் ஆவதும், "இன்னும் 40 நிமிடம்தான்" என்று தள்ளுபடி நேரத்தை எண்ணிக் காட்டும் இணையக் கடைச் சப்பாத்து கூடைக்குள் விழுவதும் இப்படியான நாட்களில்தான்.

வழக்கமான வரவுசெலவுச் செயலி இதை "உணவு: 4,200 ரூபா" என்று பதிந்துகொள்ளும். எத்தனை மணிக்கு வாங்கினார், அதற்கு முன் எவ்வளவு நேரம் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தார் என்பது அதற்குத் தெரியாது. மாணவருக்கான செயலி முதலில் பிடிக்க வேண்டியது அந்த நேரத்தையும் மனநிலையையும்தான்.

இந்தச் செலவுக்கு ஒழுக்கக் குறைவைக் காரணம் சொல்வது பிழை. 2008இல் சிந்தியா கிரைடரும் சக ஆய்வாளர்களும் செய்த பரிசோதனையில், சோகமான காட்சி பார்த்தவர்கள் ஒரு தண்ணீர்ப் போத்தலுக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ நாலு மடங்கு விலை கொடுக்க முன்வந்தார்கள். 2014இல் ஸ்கொட் ரிக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வடிவமைப்பாளருக்கு இன்னும் பயன்படும்: வெறுமனே பார்ப்பதைவிட, 'இதுதான் எனக்கு' என்று பொருளைத் தெரிவு செய்வது சோகத்தைக் குறைத்தது. கைநழுவிப் போன கட்டுப்பாடு தெரிவு செய்யும்போது திரும்பக் கிடைக்கிறது. ஆக, ஆறுதலின் ஒரு பங்கு காசு கட்டுவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது.

அதனால் "வாங்காதே" என்று தடுக்கும் திரை வேண்டாம். பிடித்ததைத் தெரிவு செய்து, படத்தோடும் விலையோடும் போட்டு வைக்க ஒரு பட்டியல் கொடுங்கள். 24 மணித்தியாலம் கழித்து, பகல் வெளிச்சத்தில், "இன்னும் வேணுமா?" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். சாப்பாட்டுக்கு இந்த விதி பொருந்தாது; பசித்தவரை நாளைக்கு வா என்று சொல்ல முடியாது. பல போர்டிங்குகளில் சமைக்க விடுவதில்லை, பத்து மணிக்குப் பிறகு கேற்றையும் பூட்டிவிடுவார்கள். சாப்பாட்டுக்கு 10 நிமிடம் பொறுக்கச் சொன்னால் போதும், அதுவும் அவர் விரும்பினால் மட்டும்.

பதியும் திரையில்தான் பெரும்பாலான செயலிகள் தோற்கின்றன. "ஏன் வாங்கினீர்கள்?" என்ற கேள்வியில் அப்பாவின் குரல் கேட்கும், நாலாம் நாள் செயலி அழிக்கப்படும். "வாங்க முதல் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பதில் வரும். விடைகள் ஆறுக்கு மேல் வேண்டாம்: வீட்டு நினைவு, அலுப்பு, படிப்புப் பாரம், யாரோடோ மனக்கசப்பு, சும்மா ஆசை, பசிதான். கடைசி விடை கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உண்மையான பசியும் உணர்ச்சிச் செலவாகப் பதியும், ஒரு மாதத்துத் தரவும் கெட்டுவிடும். "தனிமை" என்ற சொல்லையே விடையாக வைத்தால் அதைத் தொடுவோர் குறைவு. எழுதியதைப் பார்க்கவே கூச்சம் வரும். தனி அறையில் இருப்பதாகவும் சிலர் விளங்கிக்கொள்வார்கள். "இன்று யாரோடாவது ஆறுதலாகக் கதைத்தீர்களா?" என்பது அதே விஷயத்தைக் காயப்படுத்தாமல் கேட்கிறது. யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு, மலையகப் பேச்சு வேறுவேறு என்பதால் ஓர் ஊர்ப் பேச்சை மட்டும் திரையில் ஏற்றினால் மற்றவருக்கு அந்நியமாகும். எளிய எழுத்துத் தமிழே நல்லது. முழுப் பதிவும் 10 விநாடிக்குள், மூன்று தொடுகையில் முடிய வேண்டும்.

காசுக் கணக்கை மாதக் கணக்காக வைக்காதீர்கள். மகாபொல உதவித்தொகை ஒரு திகதியில் வரும், வீட்டுக் காசு இன்னொரு திகதியில், சில வேளை இரண்டுமே பிந்தும். "அடுத்த காசு வர எத்தனை நாள்?" என்பதே அவர்களுடைய உண்மையான கேள்வி. கையில் 18,000 ரூபா, 18 நாள் என்று வைப்போம். பஸ், ரீலோட், போட்டோகொப்பிக்கு 3,600 ஒதுக்கினால் மிச்சம் 14,400, நாளுக்கு 800. இப்போது 8,100 ரூபா இயர்போனை மூன்று தவணையில் வாங்குகிறார். கடைத் திரை "2,700 மட்டும்" என்று காட்டும். செயலி அந்த நேரத்திலேயே "நாளுக்கு 800 இருந்தது 650 ஆகும், இன்னும் இரண்டு தவணை வரும்" என்று காட்ட வேண்டும். சிவப்பு நிறமும் அழுத முகமும் தேவையில்லை, எண்ணே போதும்.

பட்டியலுக்குப் பக்கத்தில் மூன்று மனிதர் இருக்கட்டும்: தங்கை, பள்ளிக்கூட நண்பன், மாமி, யாராயினும் மாணவரே தெரிவு செய்தவர்கள். "எனக்குத் தனிமையாக இருக்கு" என்று செய்தி அனுப்ப எவருக்கும் கை வராது. "சாப்பிட்டாச்சா?" என்று அனுப்ப வரும். அதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். காசு செலவழியாமல் ஆட்களோடு இருக்கக்கூடிய இடங்களும் வேண்டும்: 1942இல் தொடங்கிய, வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம், பின்னேரத்துக் கடற்கரை. திறக்கும் நேரத்தைச் சரிபார்த்தே போடுங்கள். பூட்டிய கதவுக்கு அனுப்பினால் தனிமை இரட்டிப்பாகும்.

அந்தரங்கம் இங்கே உயிர்நாடி. வங்கிக் குறுஞ்செய்தியை வாசித்துச் செலவைத் தானாகப் பதியலாம் என்று தோன்றும். ஐபோனில் அது நடக்காது; ஆன்ட்ராய்டில் கூகுள் பிளே அந்த அனுமதியை இறுக்கமாகவே தருகிறது. கையால் பதிவதே மேல், ஏனெனில் பதியும் அந்தப் 10 விநாடியும் ஒரு நிதானம். தரவு கைபேசிக்குள்ளேயே இருக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடக்கத்திலேயே வாசித்துவிடுங்கள். பூட்டிய திரையில் "இன்று மனம் எப்படி?" என்று அறிவிப்பு வந்தால் அறைத்தோழன் வாசிப்பான். செயலியின் பெயர்கூட நோயைச் சொல்லாத பெயராக இருக்க வேண்டும்.

தொடர்ச்சியாக எத்தனை நாள் பதிந்தார் என்று எண்ணிப் பரிசு தருவதை விட்டுவிடுங்கள். சோதனை வாரத்தில் அறுந்துபோன தொடர், ஏற்கெனவே சோர்ந்தவருக்கு இன்னொரு தோல்வி.

வாரம் ஒரு முறை, 2004இல் சுருக்கப்பட்ட மூன்று கேள்வித் தனிமை அளவுகோலைக் கேட்கலாம்: துணையில்லை, ஒதுக்கப்பட்டேன், தனிமைப்பட்டேன் என்ற உணர்வு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதே அது. மொத்தப் புள்ளி 3 முதல் 9 வரை. இது நோயைக் கண்டறியும் கருவி அல்ல. அந்த எண்ணைத் தரவரிசையாகக் காட்டவும் கூடாது. எண் ஏறிக்கொண்டே போனாலோ, வாழப் பிடிக்கவில்லை என்று குறிப்பில் எழுதினாலோ செலவுப் பேச்சை அங்கேயே நிறுத்தி, தேசிய மனநல நிறுவகத்தின் 1926, இன்னோர் உதவி இலக்கமான 1333 இரண்டையும் ஒரே தொடுகையில் அழைக்கும்படி காட்டுங்கள். வெளியிட முதல் நீங்களே அழைத்து, தமிழில் எந்த நேரம் பதில் கிடைக்கும் என்று கேட்டறிந்து அதையும் எழுதுங்கள். பகிடிவதையால் ஒதுங்கியவரும் இந்தக் கேள்விகளுக்கு உயர்ந்த எண்ணையே தருவார். அவருக்குத் தேவை வரவுசெலவு ஆலோசனை அல்ல, முறைப்பாடு செய்யும் வழி.

எழுத்துரு விஷயத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் தமிழ் அடங்காது. நீளத்தை யூனிகோட் எனும் கணினி எழுத்துக் குறியால் எண்ணி வெட்டினால் "கொத்து" என்பதில் கொம்பும் காலும் போய் வெறும் "க" நிற்கும். வரி உயரத்தை எழுத்தின் ஒன்றரை மடங்குக்குக் குறையாமல் வைத்து, விலை குறைந்த சிறிய திரைக் கைபேசியில் பாருங்கள்.

சோதிக்க எட்டு மாணவர் போதும், ஆனால் நீண்ட லீவு வரும் கிழமையைத் தெரிவு செய்யுங்கள். செயலிக்குள் எத்தனை நிமிடம் இருந்தார் என்பதை அளக்க வேண்டாம். பட்டியலில் போட்டு வாங்காமல் விட்டவை எத்தனை, அந்த மூவரில் ஒருவரோடாவது கதைத்த நாட்கள் எத்தனை என்று செவ்வாய் காலை கேளுங்கள்.