கை சிவந்துச்சா?

மருதாணி வைத்துக்கொண்டு தூங்கிய பிள்ளையிடம் விடிந்ததும் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "கை சிவந்துச்சா?" என்பதுதான். "சிவப்பாக இருக்கிறதா?" என்று யாரும் கேட்பதில்லை. கேள்வி நிறத்தைப் பற்றியதல்ல. ராத்திரி முழுக்க அந்தக் கையில் நடந்த வேலையைப் பற்றியது.

தமிழில் சிவப்பு என்ற பெயரே வினையிலிருந்து பிறந்ததுதான். நட, நடப்பு, இற, இறப்பு, அதேபோல் சிவ, சிவப்பு. கறு, வெளு இரண்டும் அப்படியே. பச்சைக்கும் வினை உண்டு: பிரிவில் நிறம் மாறிப் பசலை படர்ந்தவளைப் 'பசந்தாள்' என்கிறது குறள். மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இந்த வாய்ப்பு இல்லை: மஞ்சளாகும் இலை 'பழுக்கிறது', உடம்பு 'நீலம் பாரிக்கிறது'. மொழிகளில் முதலில் கறுப்பும் வெள்ளையும், அடுத்து சிவப்பு, பிறகு பச்சையோ மஞ்சளோ, அதற்கும் பின்னால் நீலம் என்ற வரிசையில் நிறப்பெயர்கள் சேர்கின்றன என்று 1969-இல் பிரென்ட் பெர்லின், பால் கே என்ற ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள். அந்த வரிசைமேல் பிறகு நிறைய சண்டை நடந்தது. ஆனாலும் நம் நிறவினைகள் அதன் தலைமாட்டிலேயே கூடி நிற்பது வெறும் தற்செயலா என்று எனக்குச் சந்தேகம்.

இவற்றில் வெளு தனிப்பிறவி. துணி தானாகவும் வெளுக்கும். துணியை ஒருவர் வெளுக்கவும் செய்வார். கையை யாரும் சிவக்க முடியாது, சிவக்க வைக்கத்தான் முடியும்.

வைப்பது லாசோன். மருதாணி இலைக்குள் இருக்கும் சாயப்பொருள் இது. அரைத்துக் கொஞ்சம் எலுமிச்சையோ புளியோ சேர்த்தால் இலையிலிருந்து நன்றாக விடுபடுகிறது. தோலின் மேலடுக்கிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு வேதிப்பிணைப்பு கொண்டுவிடுவதால் சோப்புக்கு அசைவதில்லை. அந்த அடுக்கு உதிர்ந்தால்தான் போகும். கழுவியவுடன் ஆரஞ்சாகத் தெரிவது, ஓரிரு நாளில் காற்றுப்பட்டு ஆழ்ந்து சிவக்கும். உள்ளங்கையில் மேலடுக்கு தடிமன், அதனால் அங்கே பிடிப்பது போலப் புறங்கையில் பிடிக்காது. நன்றாகச் சிவந்தால் புருஷன் பிரியமாக இருப்பான் என்பதெல்லாம் கெரட்டினுக்குத் தெரியாது.

வெற்றிலை போட்ட வாய் சிவப்பது வேறு கதை. சுண்ணாம்பு தடவ மறந்தால் எவ்வளவு மென்றாலும் சிவக்காது. பாக்கிலுள்ள துவர்ப்புப் பொருள்கள், சுண்ணாம்பு தரும் காரத்தன்மையில்தான் ஆக்சிஜனோடு வினைபுரிந்து சிவப்பு நிறமிகளாக மாறுகின்றன.

அடுப்படியில் இதே வினை வேறொன்றைச் சொல்கிறது. 'வெங்காயத்தைச் சிவக்க வதக்கு' என்றால் சட்டியில் வருவது உண்மையில் பழுப்பு. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வேதிவினையை 1912-இல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் மயார். 'பழுப்பாகும் வரை வதக்கவும்' என்று எழுதினால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் ஏதோ கெட்டுப்போனது போலத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் முன்னால் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை இருந்தது. "கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள" என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். கோபம்தான் முதலில், நிறத்தையும் உணர்த்தும் என்று அடுத்த சூத்திரம்தான் சேர்க்கிறது. சிவப்புக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது: கோபத்தில் முகத்துத் தோலடி ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. கறுப்பில் அந்தப் பொருள் இன்றும் 'கறுவுதல்' என்ற சொல்லில் உயிரோடிருக்கிறது. மனசுக்குள் கறுவிக்கொண்டிருப்பவரின் நிறம் மாறுவதில்லை, அவ்வளவுதான்.

கறுப்பும் சிவப்பும் இப்படிச் சேர்ந்தே வரும் இன்னோர் இடம் கீழடி. அங்கே கிடைக்கும் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளில் இரண்டு நிறத்துக்கும் மண் ஒன்றே. பானையைக் கவிழ்த்துச் சுட்டிருக்க வேண்டும் என்பது பரவலான விளக்கம். காற்றுப்பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவந்தது. காற்று எட்டாத உட்புறமும் வாய்ப்பகுதியும் கரி படிந்து கறுத்தன.