அலர்ட்டும் அணியமும்

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். பாம்பனில் வடகடல் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். சித்தப்பாவின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துக் கண்ணுக்கு எட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு அலர்ட் என்றிருந்தது.

“ஆரஞ்சுன்னா என்னப்பா? போகலாமா, கூடாதா?”

“கனமழை இருக்கும்னு அர்த்தம் சித்தப்பா.”

“அது வானத்தைப் பார்த்தாலே தெரியுது. அலர்ட்டுன்னா என்னங்கிறேன். நீதான் சொல்லுக்கெல்லாம் அர்த்தம் எழுதுறவனாச்சே.”

சரி, எழுதிவிடுவோம்.

அலர்ட் இத்தாலியில் பிறந்த சொல். அங்கே ‘எர்தா’ என்றால் செங்குத்தான மேடு, உயரமான இடம். ‘அல்லெர்தா’ என்றால் மேட்டுக்கு, அதாவது ‘காவல் மேட்டில் ஏறி நின்று பார்’ என்பது. படைவீரர்களின் கூவல் அது. பிரெஞ்சுக்குப் போய் ‘அலெர்த்’ ஆகி, ஆங்கிலத்துக்கு வந்து அலர்ட் ஆனது. ‘அலாரம்’ இதற்குப் பங்காளி. ‘அல்லார்மே’, ஆயுதத்தை எடு என்பதிலிருந்து வந்தது. முதலாவது பார்க்கச் சொல்கிறது, இரண்டாவது பாயச் சொல்கிறது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

தமிழில் அலர்ட்டுக்கு எல்லோரும் போடும் சொல் எச்சரிக்கை. சங்கப் பாட்டில் இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. தெலுங்கில் ‘ஹெச்சரிக’, கன்னடத்தில் ‘எச்சரிகெ’. கன்னடத்தில் ‘எச்சர’ என்றாலே விழிப்புதான். நம்மிடம் அது முதலில் அரண்மனை வாசலில் கேட்ட குரல். ராஜா வருகிறார் என்று கட்டியக்காரன் “பராக், எச்சரிக்கை” என்று கூவுவான். கோயிலில் சாமி புறப்பாட்டுக்கும் அதே கூவல்தான். ஆக, எச்சரிக்கை என்பது ஆபத்து வருகிறது என்பதற்கான சொல்லாகத் தொடங்கவில்லை. பெரியவர் வருகிறார், ஒழுங்காக நில் என்பதே அதன் முதல் வேலை. அரசாங்கச் செய்திகள் சிலவற்றைப் படிக்கும்போது சொல் பழைய வேலையை இன்னும் விடவில்லையோ என்று எனக்குத் தோன்றும். கூடவே வந்த ‘பராக்’ வேறு பக்கம் போய்விட்டது. கவனி என்று கூவப் பயன்பட்ட சொல், இன்று பராக்குப் பார்ப்பது என்று கவனமில்லாமல் வாய்பிளந்து நிற்பதைக் குறிக்கிறது.

பேச்சில் இருப்பவை வேறு சொற்கள். ‘உஷார்’ பாரசீகத்து ‘ஹோஷியார்’. ஹோஷ் என்றால் உணர்வு, சுயநினைவு. எங்கள் பக்கம் வீட்டில் சொல்வது ‘சூதானம்’. “காத்து ஒரு மாதிரியா இருக்கு, சூதானமா போயிட்டு வா.” சாவதானம் என்ற வடசொல் தேய்ந்து இப்படி ஆனது என்பார்கள். தேய்ந்த பிறகு அது எங்கள் சொல்லாகிவிட்டது. அதில் அதட்டல் இல்லை, அக்கறை இருக்கிறது. ஆனால் சூதானம் என்று ஆட்சியர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தால் சிரிப்பார்கள். வீட்டுச் சொல்லை அலுவலகச் சொல்லாக்குவது அவ்வளவு சுலபமில்லை.

இப்போது சித்தப்பாவின் கேள்விக்கு வருவோம். ஆரஞ்சு அலர்ட் என்றால் என்ன?

இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வண்ண அட்டவணையில் நான்கு நிறங்கள். பச்சைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம். மஞ்சளுக்கு உரிய சொல் வாட்ச், அதாவது நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிரு. ஆரஞ்சுக்கு உரியது அலர்ட், தயாராக இரு. சிவப்புக்கு உரியது வார்னிங், இறங்கி வேலையைப் பார். கவனியுங்கள், அந்த அட்டவணையில் ‘ரெட் அலர்ட்’ என்று ஒன்று கிடையாது. அது தொலைக்காட்சியின் கைவண்ணம். புயலுக்கும் இதே படிக்கட்டுதான். முதலில் 72 மணி நேரத்துக்கு முன் வாட்ச், 48 மணி நேரத்துக்கு முன் அலர்ட், 24 மணி நேரத்துக்கு முன் வார்னிங். சுனாமிக்கு ஐதராபாத்திலிருந்து செய்தி அனுப்பும் இன்காய்ஸ் நிறுவனமும் இந்த மூன்று சொற்களைத்தான் பயன்படுத்துகிறது. அங்கேயும் வார்னிங்தான் உச்சம், அலர்ட் அதற்குக் கீழே, வாட்ச் அதற்கும் கீழே.

மூன்று படி, மூன்று சொல். தமிழுக்கு வரும்போது மூன்றும் எச்சரிக்கை. மஞ்சள் எச்சரிக்கை, ஆரஞ்சு எச்சரிக்கை, சிவப்பு எச்சரிக்கை. அல்லது மூன்றும் அலர்ட். படிக்கட்டு இருந்த இடத்தில் ஒரே தரை. நிறம் ஒன்றுதான் வித்தியாசம் காட்டுகிறது. ஆரஞ்சு மஞ்சளைவிடப் பெரியதா சின்னதா என்று யாரும் பிறவியிலேயே தெரிந்துகொண்டு வருவதில்லை. மாநில அரசின் பேரிடர்ச் செயலிக்கே ‘டிஎன் அலர்ட்’ என்று பெயர் வைத்தபின், சொல்லைப் பற்றி யார் யோசிக்கப் போகிறார்கள்?

இத்தனைக்கும் இந்தக் கரையில் படிக்கட்டு தெரியாதவர் கிடையாது. பாம்பன் துறைமுக அலுவலகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும். இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்கு. மொத்தம் 11 எண்கள். 1, 2 ஏறினால் எங்கோ தூரத்துக் கடலில் ஏதோ உருவாகிறது. 3, 4 என்றால் நம் துறைமுகத்துக்கே காற்று வரலாம். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். “எத்தனாம் நம்பர் ஏத்திருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் மறுபேச்சில்லாமல் படகைக் கட்டப் போவார்கள். சின்ன வயதில் எனக்கு 11 என்றால் 10-ஐவிட மோசமான புயல் என்று நினைப்பு. அப்படி இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, மோசமான வானிலைக்கு வாய்ப்பு உண்டு என்பதுதான் 11. ‘எங்களுக்கே செய்தி வரவில்லை’ என்பதைச் சொல்லவும் ஓர் அடையாளம் வைத்திருந்தார்கள். போனில் அதற்கு எந்தச் செய்தியும் இல்லை. டவர் விழுந்தால் போன் சும்மா இருக்கும். ஒன்றும் இல்லாத நாளிலும் சும்மாதான் இருக்கும். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியை நோக்கிப் போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, சத்தமில்லாமல் இருப்பதில் என்ன இருக்கிறது என்று தெரியும்.

நடுவில் தண்டோராவையும் சொல்லியாக வேண்டும். இந்தியில் ‘டண்டோரா’, நம்மிடம் அதற்கு முன்பே முரசறைதல், பறையறைதல், சாற்றுதல் என்று வரிசையாகச் சொற்கள் உண்டு. கேட்ட ரகசியத்தை ஊரெல்லாம் பரப்பும் கயவரை வள்ளுவர் ‘அறைபறை’ என்றார். அன்றைக்கு ஊருக்குச் சேதி போகும் வழியே அதுதான், அதனால்தான் உவமை பொருந்தியது. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் ஜப்தி உத்தரவைப் பறையடித்துச் சொல்லலாம் என்றிருக்கிறது. 2022 ஆகஸ்டில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் இறையன்பு, இனி தண்டோரா வேண்டாம், ஒலிபெருக்கி இருக்கிறது என்று ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒரு சாதியின் தலையில் கட்டிய வேலை அது, போனதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் தெருவில் நின்று சொல்கிற ஆளிடம் “என்னய்யா சொல்றே, திருப்பிச் சொல்லு” என்று கேட்க முடிந்தது. குறுஞ்செய்தியிடம் கேட்க முடியாது. பதில் அனுப்பினால் போகாது.

இனி சொல்லின் நீளம். குறுஞ்செய்தியை ஆங்கில எழுத்தில் அனுப்பினால் ஒரு செய்திக்கு 160 இடம். தமிழில் அனுப்பினால் 70 இடம்தான். அந்த 70-உம் நாம் எண்ணுகிற எழுத்து அல்ல. எச்சரிக்கை என்பது நமக்கு ஆறெழுத்து. கணினிக்கு அது 10. புள்ளிக்கு ஓர் இடம், ‘ரி’யின் மேல்விலங்குக்கு ஓர் இடம், சங்கிலிக் கொம்புக்கு ஓர் இடம். இராமநாதபுரம் எட்டெழுத்து, கணினிக் கணக்கில் 12. ‘எச்சரிக்கை: இராமநாதபுரம் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம்’ என்று தொடங்குங்கள். இடைவெளிகளையும் சேர்த்து 57 ஆகிவிட்டது. மிச்சம் 13. ‘கடலுக்குப் போக வேண்டாம்’ என்பதற்கு 23 வேண்டும். யார் சொல்கிறார் என்பதற்கே இடம் தீர்ந்தது, என்ன சொல்கிறார் என்பதற்கு இடமில்லை. இரண்டு மூன்று செய்தியாக உடைத்து அனுப்பலாம், போனும் அதை ஒட்டிக் காட்டும். ஆனாலும் முதல் வரியில் அதிகாரத்தின் பெயர் நிற்பதும் வேலை கடைசிக்குப் போவதும் மாறவில்லை. கட்டியக்காரன் பழக்கம்.

2023-இல் சோதனை செய்து பார்த்த செல் பிராட்காஸ்ட் முறைக்கு இந்த 70 தொல்லை இல்லை. அதில் எண் பார்த்து அனுப்புவதில்லை, ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறும். சுற்றுலா வந்தவர் போனும் அலறும். நல்ல முறைதான். ஆனால் டவர் எட்டாத கடலில் அதுவும் எட்டாது, அங்கே படகில் வைத்துப் பேசும் விஎச்எஃப் ரேடியோதான் துணை. தனுஷ்கோடி முனையில் நின்றால் என் போன் இலங்கைக்கு வரவேற்கிறது. எந்த நாட்டு டவர் எனக்கு அலறும் என்று ஒரு சந்தேகம் உண்டு.

மக்கள் சொல்லை அரசாங்கம் எடுத்துக்கொண்ட கதையும் ஒன்று இருக்கிறது. சித்திரை, வைகாசியில் காற்றும் இல்லாமல் மழையும் இல்லாமல் திடீரென்று கடல் பொங்கிக் கரையேறும். தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசிய புயற்காற்று கிளப்பிய அலை, இரண்டு மூன்று நாள் பயணம் செய்து இங்கே வந்து மோதுவது அது. கேரள மீனவர்கள் அதற்கு வைத்த பெயர் கள்ளக்கடல், கள்ளனைப் போல வரும் கடல். யுனெஸ்கோ அந்தப் பெயரை 2012-இல் ஏற்றது. இன்காய்ஸ் இன்று கன்னியாகுமரி, தூத்துக்குடி, ராமநாதபுரம் கரைகளுக்கு அந்தப் பெயரிலேயே செய்தி அனுப்புகிறது. அதைப் படித்துவிட்டு எந்தக் கிழவரும் “அப்படின்னா என்னப்பா” என்று கேட்டதில்லை.

அப்புறம், அலர்ட்டுக்கு என்ன சொல்? என் யோசனை இது. வாட்சுக்கு ‘கவனம்’. வார்னிங்குக்கு ‘எச்சரிக்கை’, அந்தச் சொல்லை உச்சத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், தினமும் எடுத்துச் செலவழிக்கக் கூடாது. நடுவில் இருக்கும் அலர்ட் தயாராக இருக்கச் சொல்வது. ‘ஆயத்தம்’ என்று முதலில் எழுதி வைத்திருந்தேன். பொருத்தம்தான், ஆனால் வடசொல், அதுவும் கொஞ்சம் கல்யாண வீட்டு வாசம். தனித்தமிழ்க்காரர்கள் அதற்கு ‘அணியம்’ என்பார்கள். அகராதியில் பார்த்தால் அணியம் என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று ஆயத்தம். மற்றது படகின் முன்பக்கம். பள்ளிக்கூடத்தில் படிக்காமலே எங்கள் கரையில் எல்லோரும் சொல்வது அந்த இரண்டாவதைத்தான். அலைக்கு முதலில் முகம் கொடுப்பது அணியம். இத்தாலியில் சொல் மேட்டில் ஏறி நின்றது, இங்கே படகின் முனையில் நிற்கிறது. கணினிக் கணக்கிலும் அலர்ட் 6, அணியம் 6.

எச்சரிக்கை முடிந்தது என்பதற்கும் ஒரு சொல் பாக்கி இருக்கிறது. 2020 டிசம்பரில் புரெவி புயல் எங்கள் கரையை ஒட்டி வந்து, நகராமல் அங்கேயே நின்று வலுவிழந்தது. கூண்டை இறக்கினால் கண்ணுக்குத் தெரியும். என் போனுக்கு வந்த எந்தச் செய்தியும் தன்னைத் திரும்பப் பெற்றுக்கொண்டதில்லை. அதற்குச் சொல் தேட வேண்டாம், ‘கூண்டு இறங்கியது’ என்றே அனுப்பலாம்.

போன வாரம் சித்தப்பாவிடம் கேட்டேன்.

“அணியம்னா என்ன சித்தப்பா?”

“படகோட முன்பக்கம். இதுகூடத் தெரியாதா உனக்கு?”

“போன்ல ஆரஞ்சு அணியம்னு வந்தா என்ன செய்வீங்க?”

வலை தைத்துக்கொண்டிருந்த கை நின்றது. வடகடலை ஒருமுறை பார்த்தார்.

“வாடைக் காத்துன்னா படகைப் பாலத்துக்கு அடியில தென்கடலுக்குக் கொண்டு போயிடணும். இல்லாட்டி நங்கூரம் இன்னொண்ணு கூடப் போடணும். சிவப்பு வர்றதுக்கு முன்னாடி.”