விழுந்தது வோச்சுக்கு எப்படித் தெரியும்?

கொழும்பு வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் தனியே இருக்கும் அம்மாக்கள் சிலரின் கையில் இப்போது ஸ்மார்ட் வோச் ஒன்றைக் காணலாம். ரொறன்ரோவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஊருக்கு வருபவர்களிடம் பிள்ளைகள் கொடுத்தனுப்பியது. "விழுந்தா அதுவே எங்களுக்குச் சொல்லும், கழட்டாமக் கட்டியிருங்கோ அம்மா" என்ற கட்டளையும் கூடவே வந்திருக்கும்.

வோச்சுக்கு விழுவது என்றால் என்னவென்று தெரியாது. அதற்கு முக்கியமாகத் தெரிந்தது ஆர்முடுகல், அதாவது வேகம் மாறும் வீதம். உள்ளே சில மில்லிமீற்றர் அளவான ஒரு சில்லு (சிப்). அதில் சிலிக்கனால் ஆன நுண்ணிய திணிவு ஒன்று மெல்லிய விற்களில் தொங்குகிறது. திணிவின் ஓரத்தில் சீப்புப் பற்கள்போல நீட்டங்கள். அவற்றுக்கு எதிரே அசையாத பற்கள். கை அசைந்தால் திணிவு சற்றே பின்தங்கும், பற்களுக்கு இடையிலான தூரம் மாறும், அதோடு மின்கொள்ளளவமும் (மின்னேற்றத்தைத் தேக்கும் திறன்) மாறும். அந்த மாற்றத்தைத்தான் சில்லு எண்ணாக்குகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேசையில் சும்மா கிடக்கும் வோச் 1 ஜீ (பூமியின் ஈர்ப்பளவு) என்று காட்டும். கையில் இருந்து நழுவி விழுந்துகொண்டிருக்கும் வோச் பூச்சியத்துக்குக் கிட்டக் காட்டும். விழும்போது திணிவும் அதைத் தாங்கும் சட்டமும் ஒன்றாகவே விழுவதால் விற்களுக்கு இழுபட எதுவுமில்லை. ஆகவே ஒரு மனிதர் விழும்போது முதலில் எண் 1க்குக் கீழே இறங்கும். 1 மீற்றர் உயரத்தில் இருந்து தடையின்றி விழ ஏறக்குறைய 0.45 செக்கன் போதும். அடுத்து நிலத்தில் மோதும் கணத்தில் எண் பல மடங்காக எகிறும். பிறகு அசைவில்லாமை. இறக்கம், மோதல், அமைதி: மூன்றும் இந்த ஒழுங்கில் வந்தால் வோச் சந்தேகப்படத் தொடங்கும். கை எந்தப் பக்கம் சுழன்றது என்பதை ஜைரோஸ்கோப் என்ற சுழற்சி உணரி சொல்லும்.

தேங்காய் உடைக்கும்போதும் மணிக்கட்டில் மோதல் பலமாகத்தான் இருக்கும். ஆனால் அதன்பின் கை சும்மா கிடப்பதில்லை. இளநீரைக் கோப்பையில் பிடிக்கும், திருவலையை எடுக்கும். எனவே வோச் பேசாமல் இருந்துவிடும், பெரும்பாலும்.

2018இல் வந்த அப்பிள் வோச் 4 இதைப் பரவலாக்கியது. பயனரின் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று பதிந்திருந்தால் இப்போது இந்த வசதி தானாகவே இயங்கும். விழுந்ததாகக் கணித்தால் மணிக்கட்டில் தட்டி, "சரியா?" என்று கேட்கும். ஒரு நிமிடமளவில் அசைவே இல்லாவிட்டால் அவசர அழைப்பை எடுக்கும்.

சிக்கல் எங்கே என்றால், முதியவர்கள் பலர் இப்படி விழுவதில்லை. இரவில் கட்டிலில் இருந்து எழும்ப இரத்த அழுத்தம் குறைந்து தலை சுற்றும். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து இருந்துவிடுவார்கள். இறக்கமும் இல்லை, மோதலும் இல்லை. இந்த மென்பொருட்களை ஆராய்ந்த பல ஆய்வுகூடங்களில் மெத்தையில் விழுந்து காட்டியவர்கள் இளைஞர்கள். எழுபத்தெட்டு வயது அம்மம்மா அவர்களைப்போல விழமாட்டார். ஆனால் சரிந்தவர் எழும்ப முடியாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தரையில் கிடந்தால், அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகம்வரை பாதிக்கப்படலாம். எலும்பு முறியாத விழுகையும் ஆபத்துத்தான்.

அதைவிட, வழுக்கும் இடமான குளியலறைக்குப் போகும்போதுதான் வோச் கழற்றப்படுகிறது. "வோச் எங்க அம்மா?" "சார்ஜில கிடக்குது தம்பி." இதற்காகவே சுவரில் பொருத்தும் ராடார் கருவிகள் வந்துள்ளன. 60 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் 5 மில்லிமீற்றர்தான் என்பதால் மூச்சில் நெஞ்சு எழுந்து தாழ்வதைக்கூட அது பிடிக்கும். கமரா இல்லை, ஆகவே கூச்சமும் இல்லை. ஆனால் கரண்டும் வைஃபையும் வேண்டும். 2022இன் மின்வெட்டை அனுபவித்தவர்களுக்கு ரவுட்டருக்கு ஒரு யூபிஎஸ் ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

என்னைக் கேட்டால், கருவியைவிட அதில் பதியும் தொலைபேசி எண்தான் முக்கியம். பிள்ளைகள் தங்கள் எண்ணையே முதலில் போடுகிறார்கள். கனடாவில் இருந்து 1990ஐ அப்படியே அழுத்தினால் இங்குள்ள சுவசெரிய அம்புலன்ஸுக்குப் போகாது. முதல் எண் கீழ்மாடி வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். வீட்டுத் திறப்பு ஒன்றையும் அவரிடம் கொடுத்துவைத்து, இரவில் உள்தாழ்ப்பாள் போட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.