புவெப்லோ: ஊரும் ஊராரும்

கண்ணாடிபோல் மின்னும் கருங்கலங்களும், வெள்ளைப் பூச்சின்மேல் மயிரிழைக் கோடுகள் ஓடும் நீர்க்குடங்களும் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களான நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகியவற்றின் தொல்குடி மக்களுக்குப் பெயர் வாங்கித் தந்தவை. அவற்றைத் தமிழில் 'பியூப்லோ மட்பாண்டம்' என்று எழுதக் காண்கிறோம். இத்தொடரின் முதற்சொல் ஒலிப்பில் பிசகியிருக்கிறது. இரண்டாவது சொல் பொருளில் குறைகிறது.

அச்சொல் ஸ்பானிய மொழிக்குரியது. அதன் ஒலிப்பு 'புவெப்லோ'. ஆங்கில எழுத்தை ஆங்கில வழக்கப்படி படித்ததால் 'பியூ' என்னும் தொடக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. மூலம் இலத்தீனின் 'பொபுலுஸ்', பொருள் மக்கள். முதலசையின் குறில் ஒகரம் அழுத்தம் பெறும் இடங்களில் ஸ்பானியம் அதனை 'உவெ' என்று உடைத்துவிடும். புதியது என்னும் பொருளுடைய 'நொவுஸ்' அங்கே 'நுவெவோ' ஆயிற்று. துறைமுகத்தைக் குறிக்கும் 'போர்ட்டுஸ்' என்பது 'புவெர்ட்டோ' ஆகி, புவெர்ட்டோ ரிக்கோ என்னும் தீவின் பெயரில் நிற்கிறது. அவ்வாறே 'பொபுலுஸ்' புவெப்லோ ஆனது. அதன் இரண்டாவது பகரமும் வன்மை இழந்து, 'கம்பம்' என்னும் சொல்லின் நடுவில் கேட்கும் பகரமாக மெலிந்தது. மக்கள் என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பீப்பிள்' என்னும் சொல்லும் பிரெஞ்சு வழியாக அதே வேரிலிருந்து கிளைத்ததுதான்.

இலத்தீனில் மக்களை மட்டும் சுட்டிய சொல் ஸ்பானியத்தில் அவர்கள் கூடி வாழும் இடத்தையும் சுட்டத் தொடங்கியது. இன்றும் அம்மொழியில் புவெப்லோ என்றால் மக்களும் ஆகும், சிற்றூரும் ஆகும். 1540இல் ஸ்பானியத் தளபதி கொரொனாடோவின் படை ரியோ கிராந்தே ஆற்றுப் பகுதிக்கு வந்தபோது, மண்ணாலும் கல்லாலும் மாடிமேல் மாடியாக எழுப்பிய வீடுகள் நடுமுற்றத்தைச் சூழ்ந்திருக்க, மக்காச்சோளம் பயிரிட்டு ஓரிடத்தில் நிலைத்து வாழ்ந்த மக்களைக் கண்டது. தம் நாட்டு ஊர்களை நினைவூட்டிய அக்குடியிருப்புகளுக்கு ஸ்பானியர் இட்ட பெயர் அங்கு வாழ்ந்தோர்க்கும் பெயராகி நிலைத்துவிட்டது. ஆகவே புவெப்லோ என்பது அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் அன்று. ஒரே இனத்தின் பெயரும் அன்று. இன்று நியூ மெக்சிகோவில் 19 புவெப்லோக்கள் உள்ளன. அரிசோனாவின் ஹோப்பி ஊர்களும் டெக்சாசில் ஓர் ஊரும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படும். இவ்வூர்களில் பேசப்படும் தேவா, திவா, தோவா என்பவை தம்முள் உறவுடைய மொழிகள். கேரெஸ் மொழிக்கும் சூனி மொழிக்கும் உறவென்று சொல்ல வேறு மொழி இல்லை. ஹோப்பி முற்றிலும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது.

அவரவர் மொழியில் அவரவர் ஊருக்குப் பெயர் உண்டு. ஸ்பானியர் சான் ஹுவான் என்று புனிதர் பெயரிட்டு அழைத்த ஊர், 2005இல் 'ஓக்கெய் ஓவிங்கே' என்னும் தன் தேவாப் பெயரை முறைப்படி மீட்டுக்கொண்டது. ஓவிங்கே என்றால் ஊர். 1680இல் பல ஊர்களையும் ஒரே நாளில் எழச்செய்து ஸ்பானியரைப் பன்னிரண்டு ஆண்டுகள் வெளியே நிறுத்திய கிளர்ச்சியின் தலைவர் போப்பே இவ்வூரார். எழுச்சிக்கு இன்னும் எத்தனை நாள் என்பதை முடிச்சிட்ட கயிறுகளே ஊர் ஊராகச் சென்று அறிவித்தன. இம்மக்களின் முன்னோரை 'அனாசாசி' என்று எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. அது நவஹோ மக்களின் சொல். பண்டைய பகைவர் என்று பொருள்படுவதாகக் கூறுவர். ஒருவரின் பாட்டனாரை அடுத்த வீட்டார் வைத்த வசைப்பெயரால் குறிப்பிட வேண்டிய தேவை நமக்கில்லை. மூதாதைப் புவெப்லோ மக்கள் என்றால் போதும்.

புவெப்லோவுக்குத் தமிழ்ச்சொல் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. இடத்தையும் மக்களையும் ஒருசேரத் தாங்கும் சொல் நம்மிடம் இருக்கிறது: ஊர். 'ஊர் சிரிக்கும்' என்கிறோம். 'ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்கிறோம். சிரிப்பதும் இரண்டுபடுவதும் மண்ணும் மனையும் அல்ல, மனிதர்கள். இலக்கணத்தார் இதனை இடவாகுபெயர் என்பர். தமிழில் இடத்தின் பெயர் மக்களுக்கு ஆகிவந்தது; ஸ்பானியத்தில் மக்களின் பெயர் இடத்திற்கு ஆகிச் சென்றது. திசைதான் வேறு, சென்று சேர்ந்த இடம் ஒன்று. 'கிராமம்' இவ்விடத்தில் பொருந்தாது; அது நகரத்துக்கு எதிர்ச்சொல்லாக நிற்கிறதே தவிர மக்களைத் தாங்கி நிற்பதில்லை. மக்கட்பெயராக வரும்போது புவெப்லோ என்று ஒலிபெயர்த்து, அது முதன்முறை வரும் இடத்தில் ஊர் என்று பொருள் சொல்லிவிடலாம். 'புவெப்லோ கிராமம்' என்பது மட்டும் வேண்டாம்; அது 'நடுசென்டர்' வகை.

ஊர் என்று பெயர்த்துக்கொள்வதில் இன்னொரு பயனும் உண்டு. இக்கலங்களை அடையாளம் காண்பதே ஊரைக் கொண்டுதான். வானத்து நகரம் எனப்படும் ஆக்கோமா, செங்குத்தான மேட்டுப்பாறையின் உச்சியில் இருக்கும் ஊர். அங்கே சுடும்போது வெடிக்காமலிருக்கப் பழங்கலங்களின் ஓடுகளை இடித்துப் பொடியாக்கிப் புது மண்ணில் கலக்கின்றனர். எனவே அவ்வூர்க் குடம் ஒவ்வொன்றிலும் முந்தைய தலைமுறையின் உடைந்த குடமும் சிறிது கலந்திருக்கும். தாவோசிலும் பிக்குரிசிலும் நாம் காக்காப்பொன் என்னும் அபிரகம் மண்ணிலேயே இருக்கிறது. நெருப்பின்மேல் ஏற்றி அவரைக்கொட்டை வேகவைக்கக்கூடிய, பொன்தூள் தூவினாற்போன்ற அடுப்புப்பானைகள் அதனால் கிடைத்தன. சாந்தா கிளாரா ஊரின் பெரிய கருஞ்சாடிகளில் கரடியின் பாதத்தடம் பதிந்திருக்கும். மார்கரெட் தஃபோயா (1904–2001) அவற்றுக்குப் பெயர்போனவர்.

இனி இரண்டாவது சொல். 'பானை' சமையற்கட்டோடு நின்றுவிடும். 'பாண்டம்' வடமொழி வழி வந்தது. பொருளில் பிழையில்லை, ஆனால் புழங்குபொருள் என்ற நெடி அதில் தூக்கலாக இருக்கிறது. மண்ணும் கலமும் புணர்ந்த 'மட்கலம்' பழமையும் பொதுமையும் உடையது. 'கலஞ்செய் கோவே' என்று புறநானூறு விளிக்கும்போது அந்தக் கலத்தில் அடுக்களையும் உண்டு, ஈமத்தாழியும் உண்டு. எனினும் கலம் என்றால் ஏதேனும் கொள்ளவேண்டும். கொச்சிட்டி ஊரின் ஹெலன் கோர்தேரோ, கதை சொல்லும் தம் பாட்டனாரை நினைந்து, மேலெங்கும் குழந்தைகள் தொற்றிக்கொண்டிருக்க வாய்திறந்து அமர்ந்திருக்கும் உருவத்தை 1964இல் செய்தார். 'கதைசொல்லி' என்று பெயர்பெற்ற அது ஒரு தனி மரபாகவே வளர்ந்துவிட்டது. அதனைக் கலம் என்பது எப்படி? ஆதலால் கலையின் பொதுப்பெயராகச் 'சுடுமண் கலை' என்பதையும், கொள்கலன்களுக்கு மட்டும் 'மட்கலம்' என்பதையும் கொள்வதே சரி என்பது என் முடிவு.

'குயவர்' என்னும் சொல்லிலும் கவனம் வேண்டும். குயவர், குலாலர், வேளார் என்பவை நம்மிடம் தொழிற்பெயராக மட்டுமின்றிச் சாதிப்பெயராகவும் வழங்குகின்றன. கூடவே சக்கரமும் கண்முன் வந்துவிடும். புவெப்லோ ஊர்களில் இது ஒரு தனிக்குலத்தின் தொழில் அன்று. வீட்டுப் பெண்கள் தாயிடமும் பாட்டியிடமும் கற்றுச் செய்துவந்தது. மரபுவழிக் கலத்துக்குச் சக்கரமும் கிடையாது. மண்ணைக் கயிறாக உருட்டி, முறுக்கு சுற்றுவதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி ஏற்றி, சுரைக்குடுக்கையின் ஓட்டால் சுவரைச் சுரண்டி மெல்லிதாக்குவர். அடிப்பகுதியைத் தாங்கும் ஆழமற்ற தட்டுக்குத் தேவா மொழியில் 'பூக்கி' என்று பெயர். நம் பிரிமணை செய்துமுடித்த பானையைத் தாங்கும். பூக்கி உருவாகிக்கொண்டிருக்கும் கலத்தைத் தாங்குகிறது. இவ்வாறு செய்வோரைக் குறிக்க 'வனைஞர்' என்பதையே பரிந்துரைக்கிறேன். வனைதல் என்பதற்கு உருவமையச் செய்தல் என்பதோடு ஓவியம் எழுதுதல் என்றும் அகராதி பொருள் தருகிறது. இங்கே அவ்விரண்டும் தேவைப்படுகின்றன.

ஏனெனில் இக்கலையின் மிகப் பெயர்பெற்ற கலங்கள் இருவர் வனைந்தவை. சான் இல்தெஃபோன்சோ ஊரின் மரியா மார்ட்டினேஸ் கலத்துக்கு உருக்கொடுத்தார். கணவர் ஜூலியன் அதன்மேல் எழுதினார். அவ்வட்டாரத்தில் எட்கர் ஹியூவெட் நடத்திய அகழாய்வில் கிடைத்த பழைய ஓடுகளைக் கண்டு அதுபோல் செய்து பார்க்கத் தொடங்கியவர்கள், 1919 வாக்கில் கருமைமேல் கருமை என்னும் முறையை எட்டினர். காய்ந்த கலத்தின்மேல் மண்குழம்பைப் பூசி, ஈரம் முற்றும் உலருமுன் கூழாங்கல்லால் இடைவிடாது தேய்த்தால் பளபளப்பு ஏறும். அத்தகைய கல் தாயிடமிருந்து மகளுக்கு இறங்கிவரும் சொத்து. தேய்த்த பரப்பின்மேல் ஜூலியன் மீண்டும் மண்குழம்பைக் கொண்டு கொம்புடைய நீர்ப்பாம்பான 'அவான்யு'வை எழுதுவார். எழுதிய இடம் மினுக்கிழந்து மங்கும், எழுதாத இடம் மின்னும்.

அப்போதும் கலம் சிவப்புதான். கட்டிய சூளை ஏதும் இல்லை. வெட்டவெளியில் விறகின்மேல் கலங்களை அடுக்கிச் சுற்றிலும் வறட்டியை மூட்டிக் கொளுத்துவர். அப்படியே எரியவிட்டால் சிவப்பாகவே வெந்துவிடும். தழல் உச்சத்தில் இருக்கும்போது, பொடித்த குதிரை லத்தியைக் கொட்டி மூடிவிடுவர். காற்று உள்ளே புகாது. கரிப்புகை கலத்தில் ஊறும். மண்ணிலுள்ள இரும்பு உயிர்வளியை இழந்து கருக்கும். வேறு சாயம் எதுவும் இல்லை. அந்தக் கருமை முழுவதும் இந்த மூடிய நெருப்பின் வேலை.

மரியாவின் கையொப்பம் இச்சொல்லாராய்ச்சிக்கு நேரே தொடர்புடையது. மரபில் கலத்துக்குக் கையொப்பம் கிடையாது. ஊரே அதன் முகவரி. வாங்குவோர் பெயர் கேட்டதால் 1920களில் 'மரீ' என்று பொறிக்கத் தொடங்கினார். பின்னர் 'மரீ, ஜூலியன்' என்று ஆயிற்று. 1943இல் கணவர் இறந்தபின் மருமகள் சாந்தானாவின் பெயரும், அதன்பின் மகன் பொப்போவி தாவின் பெயரும் உடன் வந்தன. தம் பெயர் இருந்தால் நல்ல விலை போகிறது என்று கண்டபோது, அக்கம்பக்கத்துப் பெண்கள் செய்த கலங்களிலும் கேட்டவர்களுக்குப் பெயரைப் பொறித்துக் கொடுத்தார். தம் முறையையும் மறைக்காமல் கற்பித்தார். சேகரிப்போருக்கு இது பெருந்தலைவலி. ஆனால் புவெப்லோ என்பதற்கு ஊர் என்று பொருள் எழுதிவிட்டு இச்செய்தியைப் படிப்பவருக்கு இதில் முரண் தோன்றாது.

ஹோப்பி நிலத்து ஹானோ ஊரின் நம்பேயோ (இறப்பு 1942), சிக்கியாத்கி என்னும் பாழூரின் பழைய ஓடுகளிலிருந்து வடிவங்களை மீட்டெடுத்தவர். முதுமையில் பார்வை மங்கியபோது விரலால் தடவித் தாம் உருக்கொடுக்க, மகள்மார் எழுதினர். ஹானோ மக்களே 1680 கிளர்ச்சிக்குப் பின் ரியோ கிராந்தேயிலிருந்து பெயர்ந்து சென்ற தேவா மொழியினர். ஆகவே அவரை வெறுமனே ஹோப்பி வனைஞர் என்றால் அரைகுறை, ஹோப்பி-தேவா என்பதே முறை.

அச்சில் வார்த்து வாங்கிய வெறுங்கலத்தின்மேல் வண்ணம் மட்டும் தீட்டி விற்பதும் உண்டு என்பதால், 'கையால் வனைந்தது', 'கையால் தீட்டியது' என்பவற்றையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஒரு கருங்கலத்தின் படத்துக்குக் கீழே எழுதுவதானால் இப்படி எழுதலாம்: 'மட்கலம், கருமைமேல் கருமை, சான் இல்தெஃபோன்சோ புவெப்லோ, வனைந்தோர் மரியா, ஜூலியன் மார்ட்டினேஸ்'. இடம் இருந்தால் ஊரின் தேவாப் பெயரான போவோகே ஓவிங்கே என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். நீர் ஊடறுத்துச் செல்லும் இடம் என்பது அதன் பொருள்.